கைப்பிடியை இழுத்தால் போதுமா?

மஹய்யாவவில் குடியிருக்கும் ஓர் அம்மையார் சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் என்னிடம் இரசாயனம் பயில்பவன். பரீட்சை நெருங்குகிறது, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறார் என்று எண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு.

“சேர், என் தம்பி கனடாவில் இருக்கிறான். நல்ல பிள்ளை, ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. அங்கே ஏதோ குறிபார்த்துச் சுடுகிற கழகத்தில் சேர்ந்திருக்கிறான். இப்போது வீட்டிலேயே தோட்டா செய்கிறதுக்கு ஒரு மெஷின் வாங்கப் போகிறானாம். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது என்ன வேலை சேர்? சட்டத்துக்கு ஒத்த வேலைதானா? நான் வேண்டாம் என்று சொல்லட்டுமா?”

பையன் தன் கைத்தொலைபேசியை நீட்டினான். “மாமா அனுப்பின வீடியோ, சேர். ஒருதரம் இழுத்தால் ஒரு தோட்டா!”

பார்த்தேன். மேசையின் விளிம்பில் ஓர் இரும்புப் பொறி பூட்டப்பட்டிருந்தது. ஒருவர் அதன் கைப்பிடியைக் கீழே இழுத்து மேலே விட்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் முழுமை பெற்ற தோட்டா ஒன்று பக்கத்திலிருந்த பெட்டியில் ‘டக்’கென்று விழுந்தது. கரும்புச் சாறு பிழியும் வேலையைக் காட்டிலும் அது எளிதாகத் தோன்றிற்று. அப்படித் தோன்றியதே எனக்கு அச்சத்தை விளைவித்தது.

அன்று அந்த அம்மையாருக்கு அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். பின்னர் நூல்களைப் புரட்டியும், விஷயம் அறிந்தவர்களை விசாரித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். வெளிநாடுகளில் உறவினரை வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே ஏராளம். அங்கே அவர்கள் மேற்கொள்ளும் புதுப் பொழுதுபோக்குகளைக் கேட்டு நாம் வீணாக அஞ்சவும் கூடாது. விஷயம் தெரியாமல் தலையாட்டவும் கூடாது.

கண்டிக்குப் புதிதல்ல

வீட்டில் தோட்டா நிரப்புவது என்றதும் ஏதோ இக்காலத்து விபரீதம் என்று தோன்றுகிறது. உண்மையில், துப்பாக்கி தோன்றிய காலந்தொட்டு மிக நீண்ட காலம் வரையில் சுடுபவனேதான் நிரப்புபவனாகவும் இருந்தான். குழலின் வாய்வழியே மருந்தை அளந்து கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்கிய பின்னரே ஒரு வெடி. அடுத்த வெடிக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இக்கலையில் நமது கண்டி இராச்சியம் பின்தங்கியிருக்கவில்லை. கண்டிக் கம்மாளர் செய்த துவக்குகளின் வேலைப்பாட்டை இன்றும் அரும்பொருட்சாலைகளில் காணலாம். லெவுகே திசாவை என்பவர் கண்டி மன்னருக்கு அளித்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கியை 1765ஆம் ஆண்டில், நாயக்க வமிசத்தவரான கீர்த்திஸ்ரீ இராஜசிங்கன் அரசாண்ட காலத்தில், ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்றனர். ஆம்ஸ்டர்டாம் நகர அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் இருந்த அப்பீரங்கி 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலங்கைக்கு மீண்டது.

மருந்தும் இங்கேயே செய்யப்பட்டது. கண்டிக்கு அப்பால், தும்பறை மலைப்பகுதியில் வெடியுப்புப் படியும் குகை ஒன்று உண்டு. ஆங்கில மருத்துவரும் இரசாயன அறிஞருமான ஜோன் டேவி அதனை நேரிற் சென்று கண்டு, 1821ஆம் ஆண்டு வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் வருணித்திருக்கிறார். ஊரார் அக்குகைப் பாறையைச் செதுக்கிப் பொடியாக்கி, கழுவி, காய்ச்சி, உப்பை எடுத்தனர். அந்த உப்பே மன்னரின் வெடிமருந்துக்கு மூலமாயிற்று.

ஆகவே, அம்மையாரின் தம்பி செய்ய விரும்பும் வேலை பழைய வேலையே. மாறியிருப்பவை இரண்டு. ஒன்று மருந்து, மற்றொன்று வேகம். அபாயமும் இவ்விரண்டையும் ஒட்டியே இருக்கிறது.

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

தோட்டா என்பது ஒரு சிறு பொட்டலம். பழங்காலத்தில் அது காகிதப் பொட்டலமாகவே இருந்தது. ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தும் குண்டும் அதில் மடிக்கப்பட்டிருக்கும். அக்காகிதத்தில் பூசப்பட்ட கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற ஐயமே 1857ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்ததென்பதை மாணவர்கள் சரித்திரத்தில் படித்திருப்பார்கள்.

இக்காலத் துப்பாக்கித் தோட்டாவில் உறுப்புகள் நான்கு. வெளியே பித்தளையாலான கோது. அதன் அடியில், ஊசி வந்து குத்தியதும் தீப்பொறி கக்கும் சிறு மூடி. இதனைப் பிரைமர் என்பார்கள். கோதின் உள்ளே மருந்து. வாயில் செருகப்பட்டிருப்பது சன்னம். சுட்டபின் சன்னம் பறந்துவிடுகிறது; மருந்து எரிந்துவிடுகிறது; பிரைமர் செத்துவிடுகிறது. நான்கில் விலைமிக்க உறுப்பான பித்தளைக் கோது மட்டும் முழுதாகத் தரையில் விழுகிறது. அதை எறிந்துவிட மனமில்லாதவர்கள் பொறுக்கியெடுத்து மீண்டும் நிரப்புகிறார்கள். சிக்கனம் ஒரு காரணம். தன் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தானே நுட்பமாக அமைத்துக்கொள்ளலாம் என்பது குறிபார்ப்போர் சொல்லும் மற்றொரு காரணம்.

எல்லாக் கோதுகளும் மறுமுறை நிரப்புவதற்கு எளிதானவை அல்ல. 1860களில் பிரைமர் அமைப்பில் இருவர் பெயர் பெற்றனர். பொக்ஸர் என்பவர் ஆங்கிலேயர். பெர்டன் என்பவர் அமெரிக்கர். பொக்ஸர் முறையிலான கோதின் அடியில் நடுவே ஒரே துவாரம். பழைய பிரைமரை ஓர் ஊசியால் தள்ளி எளிதில் நீக்கலாம். பெர்டன் முறையில் இரண்டு சிறு துவாரங்கள், நீக்குவது பெரும்பாடு. வேடிக்கை யாதெனில், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றியமையே. வட அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கு தழைத்ததற்கு அந்த ஒற்றைத் துவாரமும் ஒரு காரணம்.

புகையற்ற மருந்து

1884ஆம் ஆண்டு வரை உலகெங்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலும் வழங்கியது கரிமருந்து. அவ்வாண்டில் பிரெஞ்சுக்காரரான போல் வியே புகையற்ற மருந்தைக் கண்டார். 1889இல் பிரித்தானியரான ஏபலும் டிவாரும் ‘கோர்டைட்’ என்ற மருந்தை அமைத்தனர். கயிறுபோல் இழைகளாக வார்க்கப்பட்டமையின் அதற்கு அப்பெயர். தமிழ்நாட்டில் நீலகிரி மலைரயிலிற் பயணம் செய்தவர்கள் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே அருவங்காடு என்ற நிலையத்தைக் கண்டிருப்பார்கள். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட தொழிற்சாலைக்கு ‘கோர்டைட் பக்டரி’ என்றே பெயர்.

புகையற்ற மருந்து கரிமருந்தைவிடப் பன்மடங்கு வலியது. ஆகையால் குறைந்த அளவே போதும். இங்கேதான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். கரிமருந்து கோதை ஏறத்தாழ நிரப்பிவிடும். தவறி இருமுறை கொட்டினால் வழிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். புகையற்ற மருந்திலோ, முக்கியமாகச் சிறு தோட்டாக்களில், சரியான அளவு கோதில் பாதிக்குங் கீழேயே நின்றுவிடலாம். இருமுறை கொட்டினாலும் வழியாது. மேலே சன்னத்தைச் செருகிவிட்டால் வெளியிலிருந்து எவராலும் கண்டறிய இயலாது. அத்தோட்டா சுடப்படும்போது துப்பாக்கி பிளந்து, பிடித்திருப்பவரின் கையையும் கண்ணையும் கொண்டுபோகலாம்.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. மருந்தே விழாத கோதில் சன்னத்தைச் செருகிவிட்டால், பிரைமரின் சிறு வேகம் சன்னத்தைக் குழலுக்குள் தள்ளி நடுவழியிற் சிக்கவைக்கும். ‘டப்’ என்ற மெல்லிய ஓசைதான் கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். கூடுதலும் கேடு, இல்லாமையும் கேடு.

மருந்தின் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இதனை அளக்கும் நிறை ‘கிரெயின்’. ஒரு இறாத்தலுக்கு 7000 கிரெயின். நம் பொற்கொல்லர்கள் அக்காலத்தில் பொன்னை நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின் நிறையுடையது. தோட்டா நிரப்புவோரின் தராசு ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்டவேண்டும். அதாவது குன்றிமணியை இருபது கூறாக்கி, அதில் ஒரு கூறு. பொன்னை நிறுப்பதில் தவறினால் பணம் நட்டம். இங்கே நட்டம் வேறு.

மூவகைப் பொறிகள்

தோட்டா நிரப்பும் வேலையைப் படிகளாகப் பிரிக்கலாம். சுட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் விரிந்த கோதை ஓர் அச்சினுள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதும், செத்த பிரைமரை நீக்குவதும் முதற்படி. புதுப் பிரைமர் பொருத்துவது இரண்டாவது. மருந்து இடுவது மூன்றாவது. சன்னம் செருகுவது நான்காவது. வேண்டுமாயின் வாயைச் சற்று இறுக்குவது ஐந்தாவது.

ஒற்றைநிலைப் பொறியில் ஒரு நேரத்தில் ஓர் அச்சுத்தான் இருக்கும். ஐம்பது கோதுகளுக்கும் முதற்படியை முடித்து, அச்சை மாற்றி, பின்னரே அடுத்த படிக்குச் செல்லவேண்டும். மருந்திட்ட ஐம்பது கோதுகளையும் ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றினுள்ளும் எட்டிப் பார்த்த பின்னரே சன்னம் செருகலாம். வேலை மெதுவானது, மணிக்கு ஐம்பது முதல் நூறு தோட்டாக்கள்தாம் ஆகும். ஆனால் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது.

இரண்டாவது வகையில் அச்சுகள் யாவும் மேலே ஒரு சுழல்தலையில் பொருத்தப்பட்டிருக்கும். கோது ஒரே இடத்தில் நிற்க, தலையைத் திருப்பித் திருப்பி வேலையை முடிக்கலாம். இது நடுத்தர வேகம்.

மூன்றாவது வகையே பையன் காட்டிய பொறி. ‘புரொகிரசிவ் பிரெஸ்’ என்பார்கள். நாம் தொடர்முறைப் பொறி என்போம். இதில் சுழல்வது கீழே கோதுகளைத் தாங்கும் தட்டு. நான்கு அல்லது ஐந்து நிலைகளில் நான்கு ஐந்து கோதுகள் நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒன்று அச்சினுள் நெரிபடும். ஒன்று மருந்து பெறும். ஒன்று சன்னம் பெறும். ஒன்று இறுக்கப்பட்டு வெளியேறும். திருமண வீட்டுப் பந்தியில் ஒருவர் இலை போட, ஒருவர் சோறு வைக்க, ஒருவர் குழம்பு ஊற்றிச் செல்வதைப்போல எல்லாம் ஒருங்கே நடைபெறும். மணிக்கு முந்நூறு முதல் அறுநூறு தோட்டாக்கள் வரை செய்யலாம் என்பர்.

அமெரிக்காவில் இத்தொழில் வளர்ந்த கதையும் சுவையானது. கலிபோர்னியாவில் பிரெட் ஹண்டிங்டன் 1943இல் தொடங்கிய ‘ஆர்.ஸீ.பி.எஸ்.’ நிறுவனம் ஒற்றைநிலைப் பொறிகளால் புகழ்பெற்றது. விஸ்கொன்ஸின் மாநிலத்து ரிச்சட் லீ 1958இல் பொறியே வேண்டாத, சுத்தியலால் தட்டி நிரப்பும் எளிய கருவித் தொகுதியொன்றைக் கொண்டுவந்தார். தொடர்முறைப் பொறியைச் சாதாரண வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் அரிஸோனாவைச் சேர்ந்த மைக் டில்லன் முதன்மையானவர்.

எதைத் தேர்வது?

முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, ‘மாதம் எத்தனை தோட்டா சுடுவாய்?’ என்பது. மாதம் நூறு இருநூறு என்றால் தொடர்முறைப் பொறி தேவையே இல்லை. வாரந்தோறும் நூற்றுக்கணக்கிற் சுடும் போட்டியாளருக்கே அதன் வேகம் பயன்படும். நீண்ட தூர ரைபிள் தோட்டாக்களாயின் இன்னொன்றையும் கருதவேண்டும். கழுத்துச் சிறுத்த அக்கோதுகள் சுடச்சுட நீளும். அவற்றுக்கு எண்ணெய்ப்பசை பூசவேண்டும். நீண்டவற்றை வெட்டிச் சமன்செய்யவேண்டும். ஆகையால் தொடர்முறைப் பொறியின் தொடர்ச்சி அங்கே இடையிடையே அறுபடும்.

இரண்டாவது, தட்டு எவ்வாறு சுழல்கிறது என்பது. டில்லன் நிறுவனத்தின் 550 என்ற பொறி நான்கு நிலைகளையுடையது; தட்டைக் கையாலேயே திருப்பவேண்டும். அவர்களுடைய 750, ஹோர்னடி நிறுவனத்தின் ‘லொக்-என்-லோட்’ ஆகியன ஐந்து நிலைகளையுடையவை. கைப்பிடியின் இயக்கத்தில் தட்டு தானே திரும்பும். கையால் திருப்புவதில், வேண்டிய இடத்தில் நிறுத்திச் சரிபார்க்கும் சௌகரியம் உண்டு. ஆனால் திருப்ப மறந்து மீண்டும் இழுத்தால் ஒரே கோதில் இருமுறை மருந்து விழும். தானே திரும்புவதில் அந்த மறதிக்கு இடம் குறைவு. ஆனால் ஒரு நிலையில் ஏதேனும் தடங்கல் நேர்ந்து, கைப்பிடியைப் பாதியில் நிறுத்தி முன்பின்னாக ஆட்டும்போது அதே தவறு வேறு வழியாக வந்துவிடலாம்.

மூன்றாவது, மருந்தளவைச் சோதிக்கும் கருவியைப் பொருத்த ஒரு நிலை மிச்சமிருக்கிறதா என்பது. கோதினுள் ஒரு கோலை இறக்கி மருந்தின் உயரத்தைப் பார்க்கும் கருவிகள் உண்டு. அளவு மிகுந்தாலோ குறைந்தாலோ சில ஒலியெழுப்பும். சில பொறியையே ஓடவிடாமற் பூட்டிவிடும். ஐந்தாம் நிலைக்குக் கொடுக்கும் விலை இந்தக் காவலுக்காகவே என்றால் அது வீண்செலவாகாது.

நான்காவது, வேறு அளவுத் தோட்டாவுக்கு மாற்றுவதற்கு எத்தனை உறுப்புகள் வாங்கவேண்டும், உதிரிப்பாகம் எளிதிற் கிடைக்குமா, மேசை ஆடாமல் நிற்குமா என்பன. ஆடும் மேசையில் மருந்தளவு ஒருபோதும் ஒன்றுபோல் விழாது.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக, அனுபவமுள்ளோர் பலரும் புதியவருக்குச் சொல்லும் புத்தி ஒன்றுண்டு. முதலில் ஒற்றைநிலைப் பொறியை வாங்கு. ஒவ்வொரு படியும் கையின் உணர்ச்சியிற் படியட்டும். பிறகு வேகத்தைப் பற்றி யோசி. எழுத்தை ஒவ்வொன்றாக மணலில் எழுதிப் பழகிய பின்பே கூட்டெழுத்துக்குப் போகவேண்டும் என்று நம் திண்ணைப்பள்ளி ஆசிரியர்கள் வைத்த முறையும் இதுதான்.

கையாளும் முறை

பொறியை வாங்குவது ஒருநாள் வேலை. கையாளுவது நெடுநாள் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தின் சாரம் வருமாறு.

மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரேயொரு மருந்துப் புட்டியே இருக்கவேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரு மருந்துகள் வேகத்தில் மலையும் மடுவும்போல் வேறுபடும். மருந்தின் அளவைத் தயாரிப்பாளர் வெளியிட்ட நூலிலிருந்தே எடுக்கவேண்டும். நண்பர் சொன்னார், காணொளியிற் கண்டேன் என்பதெல்லாம் ஆகாது. நூலிற் காட்டிய உச்ச அளவிலிருந்தல்ல, தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிக்கவேண்டும்.

பொறி மருந்தை அளப்பது கொள்ளளவால், நிறையாலன்று. ஆகவே தொடங்கும்போது பல அளவுகளையும், பின்னர் இடையிடையேயும் தராசிலிட்டு நிறுத்துப் பார்க்கவேண்டும். சன்னம் செருகுமுன் ஒவ்வொரு கோதினுள்ளும் கண் விழவேண்டும். அதற்கேற்ப விளக்கை அமைத்துக்கொள்ளவேண்டும். விரிசலோ நசுங்கலோ உள்ள கோதுகளை முன்னரே பொறுக்கி எறிந்துவிடவேண்டும்.

தொலைபேசி மணியடித்தாலோ, பிள்ளை அழைத்தாலோ, கைப்பிடி வழக்கத்துக்கு மாறாகக் கனத்தாலோ உடனே நிறுத்தவேண்டும், பலத்தால் அழுத்தலாகாது. மீண்டும் தொடங்கும்போது தட்டிலுள்ள எல்லாக் கோதுகளையும் வெளியே எடுத்து, மருந்தைக் கொட்டிவிட்டு, புதிதாகத் தொடங்குவதே உத்தமம். ‘இது மருந்து பெற்றதா, இல்லையா?’ என்ற ஐயம் எழுந்த கோதுக்கு ஒரே தீர்ப்புத்தான் உண்டு: கொட்டிவிடு.

பிரைமரே நான்கு உறுப்புகளிலும் கோபம் மிகுந்தது. அதை வந்த பெட்டியிலேயே வைக்கவேண்டும். போத்தலில் கொட்டிக் குலுக்கலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி அணியவேண்டும். மருந்தையும் அதன் சொந்தப் புட்டியிலேயே வைக்கவேண்டும். திறந்தவெளியில் அது வெடிப்பதைவிட மூர்க்கமாக எரியும் பொருளே. ஆனால் இறுக மூடிய இரும்புப் பெட்டிக்குள் தீப்பட்டால் அப்பெட்டியே குண்டாகிவிடும். சிந்திய மருந்தைத் தூரிகையால் கூட்டி அள்ளவேண்டும். மின்சாரத்தால் இயங்கும் தூசியுறிஞ்சியை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அங்கே புகைத்தல் அறவே ஆகாது.

கடைசியாக, ஈயம். சன்னத்திலும் பிரைமரின் கரியிலும் ஈயம் உண்டு. அந்த மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கலாகாது. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவவேண்டும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பகை. ஆகவே அறைக்குப் பூட்டு வேண்டும்; சாவி தகப்பனிடமே இருக்கவேண்டும்.

இங்கே அது ஆகாது

இவ்வளவும் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கு. கனடாவில் உரிமம் பெற்றவர் தம் சொந்த உபயோகத்துக்கு, அந்நாட்டு வெடிபொருள் விதிகளுக்கு அமைந்து தோட்டா நிரப்பலாம். அம்மையாரின் தம்பி சட்டத்துக்கு மாறாக ஒன்றும் செய்யவில்லை.

இலங்கையின் நிலை வேறு. துப்பாக்கிகளை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், வெடிமருந்துகளை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. அனுமதியின்றி வெடிமருந்து செய்வதோ வைத்திருப்பதோ இங்கே கடுங்குற்றம். நாட்டுப்புறத்தில் காட்டுப்பன்றிக்குக் கட்டப்படும் கட்டுத்துவக்குகளால் மனிதரும் மிருகங்களும் அங்கவீனப்படுவதை நாம் அறிவோம். ஆகையால் நம் இளைஞர் அக்காணொளிகளைப் பார்ப்பது அறிவுக்காக மட்டுமே இருக்கட்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் பையன் முகம் வாடிற்று. சற்று நேரம் தயங்கி, காற்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தான். பித்தளை அடி பச்சைப் பாசம் பிடித்த ஒரு பழைய வேட்டைத் தோட்டா! மலைச்சரிவின் பற்றைக்குள் கிடந்ததாம். சன்னம், மருந்து, பிரைமர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கவேண்டுமென்று ஆசையாம். “நாளைக்குக் குறட்டால் பிடித்து, ஆணி வைத்துத் தட்டிப் பார்க்க இருந்தேன், சேர்” என்றான்.

தாயார் வாயைப் பொத்திக்கொண்டார். கனடாவிலிருக்கும் தம்பிக்காக அஞ்சி வந்தவருக்கு, அபாயம் தம் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் அடுத்த முறை அவன் காட்டமாட்டான். இத்தகைய பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, பொலிஸாருக்கு 119 என்ற இலக்கத்தில் அறிவிக்கவேண்டும் என்று சொன்னேன். அன்று அவ்வாறே அறிவித்தோம். ஓர் உத்தியோகத்தர் வந்து, பையனை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, அதை எடுத்துச் சென்றார். இவ்வளவுதான் நடந்தது; இவ்வளவோடு முடிந்தது நம் பாக்கியம்.

குறிபார்க்கும் ஆசை தவறானதன்று. மனத்தை ஒருமுகப்படுத்தும் விளையாட்டு அது. கடலூரிற் பிறந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் பிரிவிற் பொற்பதக்கம் வென்றார். இலங்கையின் தெஹானி எகொடவெல அதே பிரிவில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். அதில் மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை, அடக்கிய காற்றும் அடக்கிய மூச்சுமே உண்டு. ஆசையுள்ள மாணவர்கள் முறையான சங்கத்தின்வழி, பெற்றோர் அறிய, அதை நாடலாம்.

சென்ற வாரம் அம்மையாரைக் கண்டி மார்க்கட்டில் சந்தித்தேன். தம்பியோடு பேசினாராம். ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லையாம். நான் சொன்ன விஷயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாராம். மாதம் எத்தனை சுடுவாய்? தராசு வாங்கிவிட்டாயா? அறைக்குப் பூட்டு உண்டா? பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்?

“கடைசியில் என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“‘அக்கா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டான், சேர். இப்போதைக்கு ஒன்றொன்றாகச் செய்கிற சின்ன மெஷினே போதுமாம்” என்றார்.

பொறி கைக்கு உதவும். எத்தனை கைகளின் வேலையையும் அது செய்துவிடும். கண்ணின் வேலையை மட்டும் அது ஏற்றுக்கொள்வதில்லை. தன் கண் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று அறிந்து, அதற்கேற்ற பொறியைத் தேர்ந்தவனே நன்றாகத் தேர்ந்தவன்.